தமிழில் நடத்திய விசாரணை

போன மாதம் மெல்பேர்ணில் ஆசிரியர்கள் சிலர் கூடியிருந்தோம். தேநீர் வேளையில், டார்னெய்ட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இரண்டாவது வருடமாகக் கற்பிக்கும் ஒரு தங்கை என்னைச் சுவரோரமாக மறித்துப் பிடித்துக்கொண்டாள்.

“அன்ரி, பிள்ளையள் தாங்களாத்தான் எழுதுதுகளோ, இல்லாட்டி மெஷின் எழுதிக் குடுக்குதோ எண்டு கண்டுபிடிக்க எந்த சொஃப்ட்வெயர் நல்லது?”

என் வாய் நிறைய மீன் ரோல்ஸ். தலையை மட்டும் ஆட்டி, “எழுதி அனுப்புறன்” என்று கைச்சாடை காட்டினேன். இதுதான் அந்த எழுத்து. இதில் மென்பொருள் எதன் பெயரும் வராது. அதற்காக வந்தவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம், கோபிக்கமாட்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். அவளைப் போல இப்போதுதான் வகுப்பறைக்குள் வந்திருக்கும் எல்லோருக்கும், குறிப்பாக நம்மவர்களுக்கு.

நான் இயல்பிலேயே சந்தேகப் பிராணி. மேற்கு சிட்னியில் ஓர் அரசாங்கப் பள்ளியில் வரலாறு படிப்பித்தேன். கடைசி ஒன்பது வருடம் வரலாற்றுப் பாடப் பகுதிக்குத் தலைவி. கொழும்பிலிருந்து வந்திறங்குகிறவர்களின் சூட்கேஸைத் திறந்து கருவாட்டைக் கிளறி எடுக்கிற சுங்க அதிகாரியைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளின் கட்டுரைகளை நான் அப்படித்தான் திறப்பேன். ஆசிரியர் அறையில் எனக்கு “போர்டர் கன்ட்ரோல்” என்றே பெயர். என் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள், எனக்கும் உள்ளூரப் பெருமைதான். இணையத்தில் இருந்ததை அப்படியே இறக்கி, பக்கத்து விளம்பரத்தையும் சேர்த்து அச்செடுத்துக் கொடுத்த பையன்களைப் பிடித்துப் பழகிய கை இது. பழைய காலத்துத் திருடர்கள் பாவங்கள், தடயத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது. கேட்டால் கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதிக் கொடுக்கிற பெட்டி ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பைக்குள்ளும் இருந்தது. எங்கள் பள்ளியில் பாதிப்பேர் மடிக்கணினிகளைப் பூட்டிவைத்துவிட்டுத் தாளுக்கும் பேனைக்கும் திரும்புவோம் என்றார்கள். மற்றப் பாதிப்பேர் வெள்ளம் தலைக்கு மேல் போய்விட்டது, இனிச் சாண் போனாலென்ன முழம் போனாலென்ன என்றார்கள். நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. பாடத்திட்டத்தைத்தான் காலத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று எழுந்து நின்று சொன்னேன். எழுந்து நின்று சொல்கிறவள் தலையில்தானே வேலையைக் கட்டுவார்கள்? கட்டினார்கள்.

நான் போட்ட திட்டம் சுருக்கமானது. கட்டுரைக்கு இருபது புள்ளி. அதில் பத்து எழுதி முடித்ததற்கு, பத்து எழுதிய விதத்துக்கு. மாணவர்கள் முதற் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை பள்ளியின் இணைய ஆவணத்திலேயே எழுத வேண்டும். எந்த நேரம் எந்தச் சொல்லைப் போட்டார்கள், எதை அழித்தார்கள் என்று அந்த ஆவணம் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும். ஆசிரியர் அதை ஓட்டிப் பார்த்தால் கட்டுரை வளர்வது படம்போலத் தெரியும். பின்னேரங்களில் தேநீரோடு உட்கார்ந்து நான் அதை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிள்ளை ஒரு சொல்லுக்கு நாலு தரம் தடுமாறுவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மற்றப் பாடப் பகுதிகள் என்னிடம் வந்து இந்த முறையைக் கற்றுக்கொண்டு போயின. அதிபர் என்னைப் புகழ்ந்து மின்னஞ்சல் அனுப்பினார்.

முதன்முதலில் அதைப் பன்னிரண்டாம் வகுப்பில் நடத்தினேன். சர்வாதிகார ஆட்சிகளில் சாதாரண மனிதர்கள் அயலவனைக் காட்டிக்கொடுத்தது ஏன் என்பதுதான் கேள்வி. இருபத்தாறு பேர் எழுதினார்கள். இருபத்தைந்து கட்டுரைகள் செடிபோல மெல்ல மெல்ல வளர்ந்திருந்தன. ஒன்று மட்டும் வளரவே இல்லை. நாலு நாட்கள், ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணி தாண்டியதும், முந்நூறு சொற்கள் ஒரே அடியாக வந்து விழுந்திருந்தன. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. பார்த்த கணமே எனக்குக் கருவாட்டு மணம் அடித்துவிட்டது.

அது ஜெனிற்றாவின் கட்டுரை.

ஜெனிற்றாவைப் பத்து வயதிலிருந்தே எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தாள். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் படகில் வந்தவர். பல வருடம் தற்காலிக விசாவிலேயே இழுபட்டு, மனைவி பிள்ளைகளைப் பிற்பாடு கூப்பிட்டவர். அவள் கெட்டிக்காரியுமில்லை, மக்குமில்லை. வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அப்படிப்பட்டவளின் கட்டுரையில் ஒரு வசனம் இருந்தது. பயந்த மனிதன் முதலில் கையெழுத்து வைக்கிறான், அதற்குப் பிறகுதான் வாசிக்கிறான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்த வசனம் எங்கிருந்து வரும் என்று என்னையே கேட்டேன். இயந்திரத்திடமிருந்து என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். சிவப்புக் கோடு போட்டேன்.

இப்படியான விஷயத்துக்குப் பள்ளியில் ஒரு நடைமுறை உண்டு. மாணவருக்கு எழுத்தில் அறிவிப்பு, பிறகு பிரதி அதிபர் முன்னிலையில் விசாரணை. மாணவர் ஒப்புக்கொண்டால் அந்த வேலைக்குப் பூச்சியம். பெயர் ஒரு பதிவேட்டில் ஏறி, மாநிலத்தின் பரீட்சை அலுவலகத்துக்குப் போகும். அந்த வருடப் பதிவேட்டை வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு முன் அனுப்பிவிட வேண்டும். நான் ஜெனிற்றாவின் கட்டுரையைத் திறந்தது செவ்வாய்க்கிழமை.

இனிச் சொல்வது நம்மவர்கள் மட்டுமே விடக்கூடிய பிழை. வெள்ளைக்காரப் பிள்ளையாக இருந்திருந்தால் அறிவிப்பை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். தமிழ்ப் பிள்ளை என்பதால், பிரதி அதிபர்வரை கொண்டுபோகாமல் நமக்குள் பேசித் தீர்ப்போம் என்று நினைத்தேன். அது பெருந்தன்மை என்று அப்போது நம்பினேன். உள்ளே இன்னொன்றும் இருந்தது. தமிழ்ப் பிள்ளைக்கு இவள் சலுகை காட்டினாள் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது, கையெழுத்தோடு காரியம் சுத்தமாக முடிய வேண்டும் என்கிற அவசரம். இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் இருந்தன. இரண்டாவது பெரிதாக இருந்தது.

தகப்பனுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். “தம்பி, பிள்ளையின்ர படிப்பு விஷயம். கொஞ்சம் பாரதூரம். அரசாங்கத்துக்கு ரிப்போட் போகவேண்டி வரும். நாளைக்கு ஒருக்கா வந்திட்டுப் போங்கோ” என்றேன். என்ன விஷயம் என்றுகூடக் கேட்காமல், “ஓம் ரீச்சர், வாறன்” என்றார்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் வந்தார். களஞ்சியத்தில் வேலை, பளிச்சிடும் மஞ்சள் மேலங்கியோடேயே வந்திருந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். ஜெனிற்றா அவருக்குப் பக்கத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. நான் கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் தொடங்கினேன்.

“பிள்ளை, அன்ரி ஏசமாட்டன். உண்மையைச் சொல்லு. இந்தக் கட்டுரை வேற இடத்திலயிருந்து எடுத்து ஒட்டினதுதானே?”

“ஓம்.”

“எல்லாத்தையும் எங்கட டொக்கியுமென்ரிலதான் எழுதோணும் எண்டு நான் வகுப்பில சொன்னனானெல்லோ?”

“ஓம்.”

“அப்ப நீ செய்தது பிழைதானே?”

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என் மேசையில் இருந்த ஒப்புதல் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம்” என்றாள்.

அவள் வாயை மூடுமுன்பே தகப்பன் எழுந்துவிட்டார். “பிழைதான் ரீச்சர். சின்னப்பிள்ளை, தெரியாமல் செய்துபோட்டுது. இனிமேல் இப்பிடி நடக்காது. எங்களை மன்னிச்சுக் கொள்ளுங்கோ. எங்க கையெழுத்து வைக்கிறது?”

காட்டினேன். வைத்தார். மகளும் வைத்தாள். அவர் கதவடியில் நின்று இன்னொரு தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். எல்லாமாகப் பத்து நிமிடம் கூட இல்லை. படிவத்தைக் கோப்பில் வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய் நல்ல நித்திரை கொண்டேன். அந்த நித்திரையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

வியாழன் காலை படிவத்தைப் பிரதி அதிபரிடம் கொண்டுபோனேன். என்னிலும் பத்து வயது இளையவர். லெபனான் குடும்பத்துப் பெண், இந்த மேற்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். படிவத்தை வாசித்தார், திருப்பினார், மறுபடி வாசித்தார்.

“அவள் என்ன சொன்னாள்?”

“ஒப்புக்கொண்டாள்.”

“அது தெரிகிறது. அவளுடைய சொற்கள் என்ன?”

யோசித்துப் பார்த்தேன். மூன்று தரம் ஆம் என்றிருந்தாள். அவ்வளவுதான். மிச்சம் முழுவதும் என் சொற்களும் தகப்பனின் சொற்களும். அதைச் சொன்னேன்.

“எந்த மொழியில் கேட்டீர்கள்?”

“தமிழில். அவளுக்கு இலேசாக இருக்கட்டும் என்று.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எனக்கு அரபியில் என் மாமாவோடு வாதாடத் தெரியாது. சரி மாமா என்று சொல்ல மட்டுந்தான் தெரியும். வீட்டில் பழகின அரபி அவ்வளவுதான். இதே ஆளாகிய நான் ஆங்கிலத்தில் கல்வி அமைச்சின் ஆட்களோடு கத்திச் சண்டை பிடித்திருக்கிறேன். அந்தப் பிள்ளையை இன்னொரு தரம் கேளுங்கள். ஆங்கிலத்தில் கேளுங்கள், தகப்பன் இல்லாமல். நான் மூலையில் இருக்கிறேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “பத்து வயதிலிருந்து அவளை எனக்குத் தெரியும்” என்றேன்.

“அதுதான் எனக்கும் யோசனையாக இருக்கிறது” என்றார்.

அந்த நேரம் அவர்மேலும் சந்தேகப்பட்டேன். என் திட்டம் பள்ளி முழுக்கப் பேசப்படுவது பிடிக்காமல் பேசுகிறாரோ என்றுகூட நினைத்தேன். சந்தேகம் ஒரு பழக்கமாகிவிட்டால் ஆள் பேர் பார்க்காது. ஆனாலும் போனேன். மூத்தவர் சொல்லுக்கு மட்டுந்தான் தலை வணங்குவேன் என்று நின்றிருந்தால் இந்தக் கதை இன்னும் கேவலமாக முடிந்திருக்கும்.

மதிய இடைவேளை. சின்ன அறை. பிரதி அதிபர் சன்னலோரம் உட்கார்ந்தார். ஜெனிற்றா வந்தாள். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். முதல் கேள்விக்கு, “யெஸ் மிஸ்” என்றாள். இரண்டாவதுக்கும் அதுவே. நான் பிரதி அதிபரைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்தீர்களா என்கிற மாதிரி. அவர் என்னைப் பார்க்காமல் அவளிடம் ஒன்று கேட்டார்.

“ஏன் நாலு நாளும் காலையிலேயே வந்து ஒட்டினாய்?”

ஜெனிற்றா அவர் பக்கம் திரும்பினாள். “நூலகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும்” என்றாள்.

அதன்பிறகு அணை உடைந்ததுபோல வந்தது. ஆங்கிலத்தில் அவள் வேறு பிள்ளை. கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அவளிடம் சொந்தமாக மடிக்கணினி இல்லை. பள்ளி கொடுக்கும் இரவல் கணினியைப் பின்னேரம் மூன்றரைக்கு முன் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே வீட்டிலும் பேருந்திலும் தொலைபேசியில் எழுதினாள். தனக்குத் தானே செய்தியாக அனுப்பி வைத்து, மறுநாள் காலையில் வந்து ஒட்டினாள். அந்தப் பழைய தொலைபேசியில் பள்ளியின் ஆவணம் திறக்கவே திறக்காது.

“இதை ஏன் முதலே சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“நீங்கள் கேட்கவில்லையே, மிஸ். ஒட்டினாயா என்று கேட்டீர்கள். ஒட்டினேன். விதியைச் சொன்னீர்களா என்று கேட்டீர்கள். சொன்னீர்கள்.”

தொலைபேசியை நீட்டினாள். மேலிருந்து கீழே வாசித்தேன். துண்டு துண்டாக வசனங்கள். எழுத்துப் பிழைகள். ஒரே வசனம் மூன்று விதமாக. நடுவே, பருப்பு, பால், தம்பியின் சுற்றுலாக் கடிதம் என்று வீட்டுக் குறிப்புகள். நான் என் ஆவணத்தில் தேடியலைந்த தடுமாற்றம் முழுவதும் அங்கே கிடந்தது. கையெழுத்து வசனமும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் “அப்பா சொன்னது” என்று ஆங்கில எழுத்தில் தமிழில் குறித்திருந்தாள்.

ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட ஆட்கள் என்ன செய்தார்கள் என்று ஒருநாள் கட்டுரைக்காகத் தகப்பனிடம் கேட்டாளாம். அவர் சொன்ன பதில்தான் அது. முந்தின நாள் என் மேசையில், நான் காட்டின இடத்தில், ஒரு வரியும் வாசிக்காமல் அவர் கையெழுத்து வைத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வசனத்துக்குச் சிவப்புக் கோடு போட்டவளும் நான்தான்.

“அப்பா காரில் வரும்போது சொன்னார், எதிர்த்துப் பேசாதே, எல்லாத்துக்கும் ஓம் சொல்லு என்று” என்றாள். “அரசாங்கத்துக்கு ரிப்போட் போகும் என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்களாம். அப்பா இரவு முழுக்க விசா பேப்பர்களைத் தேடி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.”

பரீட்சை அலுவலகம் என்று சொல்ல எனக்கு வாய் நோகாது. ஆளைக் கொஞ்சம் மிரட்டிவைப்போம் என்றுதான் அரசாங்கம் என்றேன். இதை நான் ஒருவருக்கும் மறைத்ததில்லை, உங்களுக்கும் மறைக்கவில்லை.

ஜெனிற்றா இன்னும் முடிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். “உங்கள் ஆவணத்தை எப்படி ஏமாற்றுவது என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், மிஸ். மெஷினின் பதிலைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து ஆறுதலாக ரைப் பண்ணுவார்கள். இடைக்கிடை வேண்டுமென்றே அழிப்பார்கள். சொந்தமாக எழுதினதைக் கொண்டுவந்து ஒட்டின ஒரே முட்டாள் நான்தான்.”

யார் யார் என்று கேட்க வாய் திறந்தேன். பிரதி அதிபர் தலையை மெதுவாக ஆட்டினார். வாயை மூடிக்கொண்டேன். அயலவனைக் காட்டிக்கொடுப்பது பற்றிக் கட்டுரை எழுதிய பிள்ளையிடம் பெயர் கேட்கப் போனேன் பாருங்கள்.

அன்று பின்னேரம் மிச்சம் இருபத்தைந்து கட்டுரைகளையும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். எழுதுகிற விதம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மற்ற ஆசிரியர்களுக்குத் திரையில் போட்டுக் காட்டிய ஒரு கட்டுரை இருந்தது. அதில் ஒவ்வொரு பந்திக்கும் சரியாக ஒரு அழிப்பு, ஒரு திருத்தம். தாலாட்டுப்போல ஒரே கதி. வேறு நாலைந்திலும் அப்படி ஒரு வாடை இருந்தது. ஆனால் கையில் ஒன்றுமில்லை. ஒழுங்காக அழித்துத் திருத்துகிற பிள்ளையும் உலகத்தில் இருக்கலாம் அல்லவா? நான் கட்டிய வேலி நல்ல பிள்ளையைக் கிழித்திருந்தது, மற்றவர்கள் அதில் வாசல் வைத்துப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இன்னும் ஒரு நாள் கூட இல்லை. எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. ஜெனிற்றாவின் படிவத்தை மட்டும் கிழித்துவிட்டுச் சத்தமில்லாமல் இருக்கலாம். ஒருவருக்கும் தெரியவராது, என் திட்டமும் என் பெயரும் பிழைக்கும். அல்லது என் மூக்குக்கு மணத்த ஐந்தாறு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கலாம். அதற்கு என் கை துடித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிச் செய்தால் முந்தின நாள் செய்த அதே வேலையை ஐந்தால் பெருக்கிச் செய்வதாகிவிடும். மூன்றாவது வழி, இந்த முறையே செல்லாது என்று சொல்வது.

வெள்ளிக் காலை முதல் மணி அடிக்குமுன் அதிபரின் அறைக்குப் போனேன். ஜெனிற்றாவின் படிவத்தை மீளப் பெறுகிறேன், முழு வகுப்பின் கட்டுரைக்கும் புள்ளி போடமுடியாது, பிழை என்னுடையது என்று நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் நியாயம் சொல்லத் தொடங்கிவிடுவேன் என்று பயம். அவர் கேட்ட முதற் கேள்வி, “மற்றப் பகுதிகளுக்கும் இதையே பழக்கிவிட்டீர்களே?” என்பது. ஓம், அதையும் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். ஏழு பகுதித் தலைவர்களிடமும் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய்.

புதிதாக ஒன்று வைத்தோம். வகுப்பில் உட்கார்ந்து தாளில் எழுத்து, கையில் தங்கள் குறிப்புகளை வைத்துக்கொள்ளலாம். எழுதிய பிறகு ஒவ்வொருவரும் என்னோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும், விரும்பிய மொழிநடையில், விரும்பிய வேகத்தில். பெற்றோரிடமிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. தன் மகனின் உழைப்பை நான் குப்பையில் போட்டேன் என்று ஒருவர் எழுதினார். சொந்த இனத்துப் பிள்ளையைக் காப்பாற்ற முழு வகுப்பையும் பலிகொடுத்தேன் என்று இன்னொருவர். எதற்குப் பயந்து ஓடினேனோ அதே பழி வேறு வழியால் வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் நானே பதில் எழுதினேன்.

ஜெனிற்றா இருபதுக்குப் பதினைந்து எடுத்தாள். நல்ல புள்ளி, ஆனால் வகுப்பில் முதலில்லை. நான் திரையில் போட்டுக் காட்டிய கட்டுரையின் சொந்தக்காரன் பதினெட்டு எடுத்தான், என்னோடு பேசும்போதும் மளமளவென்று பேசினான். அவன் முதற் கட்டுரையை எப்படி எழுதினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சில நாள் அது என்னைக் குடையும். குடையட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

டார்னெய்ட் தங்கச்சி, பிள்ளைகளைச் சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். இந்தக் காலத்தில் சந்தேகப்படாத ஆசிரியருக்குச் சம்பளம் தண்டம். ஆனால் விதி ஒன்று போடும்போது, இதை வைத்துக் கள்ளனைப் பிடிக்கலாமா என்று மட்டும் பார்க்காதீர்கள். இதை மீறாமல் இருக்க எந்தப் பிள்ளையால் முடியாது என்று ஒரு தரம் வகுப்பைச் சுற்றிப் பாருங்கள். நான் பார்த்திருந்தால் மூன்றரைக்கு நூலக வாசலில் கணினியோடு நின்ற பிள்ளை கண்ணில் பட்டிருப்பாள். நம்முடைய பிள்ளைகளை நம்முடைய மொழியில் கேட்கும்போது இரண்டு மடங்கு கவனமாக இருங்கள். அந்த மொழியில் அவர்களுக்கு நாம் கீழ்ப்படிவை மட்டும் பழக்கிவைத்திருக்கிறோம். பிறகு அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொள்கிறோம்.

மிச்சம் ஒன்றிருக்கிறது. படிவம் மீளப் பெறப்பட்டதென்று பள்ளி அனுப்பும் கடிதத்தைத் தபாலில் விட எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரமே, சனிக்கிழமை, டூங்கபியில் அவர்களுடைய வீட்டுக்குக் கொண்டுபோனேன். தகப்பன் கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளிறிப்போயிற்று. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கடிதத்தை நீட்டினேன்.

“இதில நான் எங்க கையெழுத்து வைக்கவேணும்?”

“நீங்கள் வைக்கத் தேவையில்லை, தம்பி. நான்தான் வைச்சிருக்கிறன். பிழை என்ர எண்டு எழுதியிருக்கு.”

அவர் நம்பவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவள் நின்றபடியே முழுவதையும் வாசித்தாள், பிறகு தாழ்ந்த குரலில் அவருக்குச் சொன்னாள். அவர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பெயர் எங்கும் போகவில்லையா, எந்த அலுவலகத்திலும் கொப்பி இல்லையா என்று என்னிடம் நாலு விதமாகக் கேட்டார். இல்லை, இல்லை என்று நாலு தரமும் சொன்னேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“ரீச்சர், அண்டைக்கு நீங்கள் எங்களிட்டத் தமிழிலதானே கேட்டனீங்கள்?”

“ஓம்.”

“அப்ப இதையும் தமிழில சொல்லுங்கோ. எனக்கில்லை. பிள்ளைக்கு.”

முப்பது வருடம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். அவர்களில் ஒருவரிடமும் தமிழில் மன்னிப்புக் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் ‘சொறி’ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவேன், அது நாக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். தமிழில் அது அப்படிப் போகவில்லை. எழும்பி நின்றேன்.

“பிள்ளை, நான் பிழை விட்டிட்டன். நீ எழுதினதை நீ எழுதினதெண்டு நான் நம்பேல்லை. உன்னைக் கேளாமல் அப்பாவைப் பயப்படுத்திப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்.”

ஜெனிற்றா என்னை நேரே பார்த்தாள். “தாங்க் யூ மிஸ்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, தமிழில், “ஆனா எனக்கு இன்னும் கோவம் இருக்கு” என்றாள்.

“பிள்ளை!” என்று தகப்பன் பதறி எழுந்தார். “ரீச்சரோட அப்பிடிக் கதைக்கிறதே? ரீச்சர், மன்னிச்சுக்...”

“நீங்கள் மன்னிப்புக் கேக்காதேங்கோ, தம்பி” என்றேன். “அவ சொல்லட்டும்.”

அவள் சொன்னாள். தமிழில்தான் சொன்னாள், சொல் கிடைக்காத இடங்களில் ஆங்கிலம் வந்து முட்டுக்கொடுத்தது. நான் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.